சுவர் அட்டவணை, தனி நோட்டு, அப்பாவின் போன்: பத்தாம் வகுப்புப் பிள்ளை தன் படிப்பைத் தானே அளக்க எது உதவும்?

காலாண்டுத் தாள்கள் கைக்கு வந்த வாரம் எங்கள் மாலை டியூஷனில் வருடா வருடம் நடப்பது இது. கணக்கில் 22 வாங்கிய பையன் வந்து உட்கார்ந்து, "பப்ளிக்ல 60 எடுக்கணும்கா" என்பான். எப்படி எடுப்பாய் என்று கேட்டால், "நல்லா படிக்கணும்" என்பான். அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் இருக்காது.

அதே பையனைக் கேரம் போர்டு முன்னால் உட்கார வைத்துக் கேளுங்கள். "வலது பக்கம் கட் ஷாட் நல்லா வரும்கா. இடது பக்கம் அடிச்சா ஸ்லிப் ஆகுது. பேக் ஷாட் இன்னும் வரல, அத மட்டும் தினம் தனியா அடிச்சுப் பாக்குறேன்" என்று நிறுத்தாமல் சொல்வான். எது வருகிறது, எது வரவில்லை, வராததற்கு இன்று என்ன செய்யப் போகிறான், எல்லாம் அவனுக்கே தெரியும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டைப் பெண். அந்தப் பெயரைச் சொன்னாலே எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கேரமில் இருக்கும் அந்தத் தெளிவோடு அவர்கள் கணக்கையும் பேச வேண்டும் என்பது என் ஆசை.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில், இரண்டு அறைகளில், மாலை 6 மணி முதல் 8.30 வரை சொல்லித் தருகிறேன். இந்த வருடம் 26 பேர், பெரும்பாலும் ஒன்பதாவதும் பத்தாவதும். காசிமேட்டில் படகு வேலைக்கும் மீன் விற்கவும் போகிற வீடுகள், துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிற வீடுகள், வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள். பிள்ளைகள் தங்கள் இலக்கைத் தாங்களே வைத்து, எவ்வளவு தூரம் வந்தோம் என்று தாங்களே பார்த்துக்கொள்ள நான்கு வழிகளை முயன்றிருக்கிறேன்: பெயர் போட்ட சுவர் அட்டவணை, வாட்ஸ்அப் குழு, ஜோடி முறை, தனி நோட்டு. இதே போல் டியூஷனோ இரவு வகுப்போ நடத்துபவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், பத்தாம் வகுப்புக்குத் தனி நோட்டு என்பேன். சின்ன வகுப்புகளுக்கு வேறு பதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்த வழியை எடுத்தாலும் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

60 என்பதை உடைப்பது

60 மார்க் என்பது பிள்ளை செய்யக்கூடிய காரியம் இல்லை. பல காரியங்களைச் செய்த பிறகு வந்து சேர்வது. அதனால் முதல் நாளே பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளை எடுத்து அவர்கள் முன்னால் பிரித்துப் போடுகிறேன். ஒரு மார்க் 14 கேள்வி. ரெண்டு மார்க்கில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள். அஞ்சு மார்க்கிலும் அப்படியே, 14க்கு 10. இந்த இரண்டு பிரிவிலும் ஒவ்வொரு கட்டாயக் கேள்வி உண்டு. எட்டு மார்க் இரண்டு, ஒன்று ஜாமெட்ரி, ஒன்று கிராஃப். இரண்டிலும் இதுவா அதுவா என்று தேர்ந்துகொள்ளலாம். ஆக 14, 20, 50, 16, மொத்தம் 100.

இதைக் கரும்பலகையில் எழுதியதும் 22 வாங்கிய பையனின் முகம் மாறும். ஜாமெட்ரியும் கிராஃபும் சேர்ந்து 16. ஒரு மார்க்குக்குப் புத்தகத்தின் பாட இறுதிக் கேள்விகளில் இருந்து ஆரம்பிக்கலாம், அதில் 10 வாங்கினாலும் 26. பாஸ் மார்க் 35க்கு இன்னும் 9தான் பாக்கி. அப்போது அவனே கேட்பான்: "அப்ப முதல்ல ஜாமெட்ரிய முடிச்சிடலாமாக்கா?" இப்போது இலக்கு அவன் கைக்கு வந்துவிட்டது. 'பப்ளிக்கில் 60' போய், 'வியாழக்கிழமைக்குள் புத்தகம் பார்க்காமல் வட்டத்துக்கு இரண்டு தொடுகோடு வரைவேன்' என்று ஆகிவிட்டது. வியாழக்கிழமை வந்தால் வரைந்தானா இல்லையா என்று அவனுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கழித்தல் கணக்கு வராத ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகளிடம் 42 பக்கப் பயிற்சியைக் கொடுத்தார்கள், ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் என்றார்கள். இன்னொரு குழுவிடம் ஏழாவது அமர்வுக்குள் 42 பக்கம் என்றார்கள். இரண்டும் ஒரே கணக்குதான். ஆனால் 6 பக்கம் என்று கேட்ட பிள்ளைகள்தான் கணக்கில் அதிகம் முன்னேறினார்கள், தங்களால் முடியும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கே அதிகம் வந்தது. எங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. அரையாண்டு வருவது டிசம்பரில், அது மழைக்காலம். தெருவில் தண்ணீர் நின்றால் ஒரு வாரம் போய்விடும். மூன்று மாதத்துக்குப் போட்ட இலக்கு அந்த ஒரு வாரத்தில் உடைந்தால் பிள்ளை அதோடு விட்டுவிடுகிறது. ஒரு வாரத்துக்குப் போட்ட இலக்கு உடைந்தால் அடுத்த வாரம் இன்னொன்று போடலாம்.

சுவர் அட்டவணை

நான் முதலில் எடுத்தது இதைத்தான், ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். சார்ட் பேப்பரில் இடது பக்கம் பெயர்கள், மேலே பாடங்கள், முடித்தால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். செலவு குறைவு. அறைக்குள் வந்ததும் கண்ணில் படும். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் பறந்தார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு பையன் செவ்வாய்க்கிழமைகளில் வராமல் இருக்க ஆரம்பித்தான். ஸ்டிக்கர் ஒட்டுவது செவ்வாய்க்கிழமை. அவன் பெயருக்கு நேரே இரண்டே நட்சத்திரம், பக்கத்துப் பெயருக்குப் பதினொன்று. அவன் தங்கையும் அதே அறையில்தான் படித்தாள், அவள் பார்க்கிற சுவர் அது. அந்த அட்டவணை அவனிடம் சொன்னது ஒன்றுதான், நீ கடைசி என்று. எதில் பின்தங்கியிருக்கிறான், அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று அது அவனுக்குச் சொல்லவே இல்லை. நன்றாகப் படிக்கிற நாலைந்து பேரும்கூட ஸ்டிக்கருக்காகச் சுலபமான கணக்குகளையே திரும்பத் திரும்ப முடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கழற்ற ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன். முன்பே கழற்றியிருக்க வேண்டும்.

ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். சில பிள்ளைகளுக்கு வெறும் மார்க், சிலருக்கு வெறும் குறிப்பு, சிலருக்கு மார்க்கும் குறிப்பும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆர்வம் குறையவில்லை, வேலையும் மேம்பட்டது. மார்க்கோடு சேர்த்துக் கொடுத்த குறிப்பு அப்படி உதவவில்லை. எங்கள் சுவரில் நான் பார்த்ததும் இதைத்தான். எண்ணும் வரிசையும் கண்ணில் பட்டால் பிள்ளை வேறு எதையும் படிப்பதில்லை.

சுவரை முழுதாக விட்டுவிடவும் வேண்டாம். இப்போது எங்கள் சுவரில் பெயரே இல்லாத ஒரு தாள் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தின் எட்டுப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பார்க்காமல் செய்கிறவர்கள் எத்தனை பேர்' என்ற எண். முக்கோணவியலுக்கு 4 என்று இருந்தது நவம்பரில் 11 ஆனது. அந்த ஏழு பேர் யார் யார் என்று சுவர் சொல்லாது, ஆனால் அந்த ஏழு பேருக்கும் தெரியும். எனக்கும் அடுத்த வாரம் எந்தப் பாடத்தை மறுபடி நடத்துவது என்று அது சொல்லிவிடுகிறது.

போன்

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்கள் வீடுகளில் போன் பிள்ளையுடையது இல்லை. அப்பா இரவு 2 மணிக்குக் கடலோரம் போனால் போனும் போகும். அம்மா கையில் இருந்தால் மாலையில் இரண்டு பிள்ளைகளுக்கு அது பொது. இந்த நிலையில் 'தினமும் படித்ததைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடு' என்று சொன்னது என் தவறு. போன் இல்லாத பிள்ளை படிக்காத பிள்ளையாகத் தெரிந்தது. போட்டோ வந்த பக்கங்களிலும் பாதி, கைடைப் பார்த்து எழுதியவை.

பாடம் புரியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் வீடியோ பார்க்கலாம், அது நல்ல உதவி. மழை நாளில் வகுப்பு இல்லை என்று சொல்லவும் போன் வேண்டும். பிள்ளைக்குச் சொந்தப் போன் இருந்து, பன்னிரண்டாவது படிக்கிறது என்றால் அதிலேயே கணக்கு வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜோடி

ஒரு ஆசிரியர், 40 பிள்ளைகள் என்றால் இதுதான் வழி. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் இலக்கை இன்னொருவர் பார்ப்பது. நான் செய்தபோது வந்த பிரச்சினை எல்லோரும் ஊகிக்கக்கூடியதுதான். சிநேகிதன் கேட்டால் சிநேகிதன் டிக் போட்டுவிடுவான். கையெழுத்துப் போடுகிற வேலையைக் கொடுக்காமல் கேள்வி கேட்கிற வேலையைக் கொடுத்தபோது நிலைமை மாறியது. புத்தகம் ஜோடியின் கையில் இருக்கும். அவன் அதிலிருந்து ஒரு கணக்கைச் சொல்ல, இவன் வெள்ளைத் தாளில் போட வேண்டும். வந்தால் வந்தது. ஒரே அளவில் படிக்கிற இரண்டு பேரை ஜோடியாக்குங்கள். நன்றாகப் படிப்பவரையும் திணறுபவரையும் சேர்த்தால் ஒருவர் ஆசிரியராகிவிடுகிறார், இன்னொருவர் தன் இலக்கைச் சொல்லவே கூச்சப்படுகிறார்.

தனி நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று. அட்டையில் பெயர்கூட உள்பக்கம்தான் எழுதச் சொல்கிறேன்.

முதல் வருடம் இதில் எத்தனை மணி நேரம் படித்தாய் என்று எழுதச் சொன்னேன். 2 மணி, 3 மணி என்று அழகாக எழுதினார்கள், பொய்யும் இல்லை. மார்க் நகரவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்து மூன்றாவது முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். மூடிய பிறகுதான் தெரியும் நிற்கிறதா இல்லையா என்று. அதனால் நேரத்தை விட்டுவிட்டு மூன்றே சொற்றொடர்களுக்கு வந்தோம்: 'பார்த்து வரும்', 'பாதி பார்த்து வரும்', 'பார்க்காமல் வரும்'. இடது பக்கம் அந்த வாரத்துக்கு மூன்று வேலைகள், அதற்கு எதிரே இந்த மூன்றில் ஒன்று, தேதி. ஒரு வேலை முதலில் இருந்து மூன்றாவதுக்குப் போக மூன்று வாரம் ஆனாலும் சரி, அது நகர்வதைப் பிள்ளை தன் கையெழுத்திலேயே பார்க்கிறது.

வலது பக்கம் ஸ்லிப் டெஸ்ட் தாளை ஒட்டுவது. இங்கே இரண்டு பழக்கங்களைக் கட்டாயமாக்கினேன், இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கேள்வியைப் பார்த்ததும், எழுதத் தொடங்கும் முன், பத்துக்கு எத்தனை வரும் என்று ஊகித்துத் தாளின் மூலையில் எழுத வேண்டும். திருத்திய பிறகு பக்கத்தில் வந்த மார்க்கை எழுத வேண்டும். ஆரம்பத்தில் 9 என்று எழுதி 4 வாங்குபவர்கள் நிறைய. அவர்களைத் திட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது அவர்களே தலையைச் சொறிவார்கள். இரண்டு மாதத்தில் ஊகமும் மார்க்கும் நெருங்கிவிடும், அதற்குப் பிறகு 'படிச்சிட்டேன்கா' என்ற சொல்லை நான் நம்பலாம். என்னை வருத்திய ஊகம் வேறு. ஒரு பெண் எப்போதும் 3 என்றே எழுதுவாள், வாங்குவது 7, 8. அந்த நோட்டு இல்லாவிட்டால் அவள் தன்னை அவ்வளவு குறைவாக நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்திருக்காது. அவள் அஞ்சு மார்க் கேள்விகளைத் தொடாமலே விட்டுக்கொண்டிருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. எட்டு வாரத்துத் தாள்களைப் புரட்டி அவளுக்கே காட்டினேன். அன்று அவள் ஊகம் 6.

இரண்டு, எங்கே விட்டேன் என்று ஒரே ஒரு வரி. 'கவனக்குறைவு' என்ற சொல்லை எழுதக் கூடாது. எல்லாத் தவறுக்கும் பிள்ளைகள் அதைத்தான் எழுதுவார்கள், அதில் இருந்து யாருக்கும் எதுவும் கிடைக்காது. 'அடைப்பை எடுக்கும்போது மைனஸ் மாத்தல', 'கிராஃப்ல ஸ்கேல் எழுதல', 'இருபடிச் சமன்பாட்டு அட்டவணையில மைனஸ் 3ஐ வர்க்கம் பண்ணி மைனஸ் 9னு போட்டுட்டேன்'. இப்படி இடம் குறித்து எழுத வேண்டும். நாலு வாரத்தில் மூன்று முறை மைனஸ் என்று தன் கையாலேயே எழுதிய பையன், ஐந்தாவது வாரம் யாரும் சொல்லாமல் 'அடைப்பு நீக்கும் கணக்கு 10' என்று இடது பக்கத்தில் இலக்காக எழுதினான். கேரம் போர்டில் பேக் ஷாட்டைத் தனியாக அடித்துப் பார்க்கிற அதே பையன் அவன்.

இதில் உள்ள சிரமங்களையும் சொல்ல வேண்டும். நோட்டு வீட்டுக்குப் போனால் வெள்ளிக்கிழமை காலையில் நான்கு நாளும் ஒரே பேனாவில் நிரம்பிவிடும். சில சமயம் திரும்பியே வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் தண்ணீர் புகுந்து, புத்தகம் நோட்டு எல்லாம் ஊறிப்போயின. அதற்குப் பிறகு இந்த நோட்டுகள் எங்கள் மாடியிலேயே ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. வந்ததும் எடுத்து எழுதி, போகும்போது வைத்துவிட்டுப் போவார்கள்.

அடுத்தது, பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பேசாவிட்டால் மூன்றாவது வாரத்தில் இந்த நோட்டு வெறும் சடங்காகிவிடும். 26 பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒரே நாளில் முடியாது. தினம் ஐந்தாறு பேர் என்று திங்கள் முதல் வெள்ளி வரை பிரித்தால் நாளுக்கு அரை மணி நேரத்தில் முடிகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் நான் கேட்பது, "போன வாரம் எது நகர்ந்தது? எது நகரல? அடுத்த வாரம் எத வெச்சுக்கப் போற?" என்பது மட்டும். பதிலை நான் சொல்லிவிடாமல் இருப்பதுதான் இதில் கஷ்டம். இலக்கை நான் எழுதிக் கொடுத்த வாரங்களில் அது வீட்டுப் பாடமாகிவிடுகிறது. அந்த அரை மணி நேரத்தை உங்களால் ஒதுக்க முடியாது என்றால் நோட்டை ஆரம்பிக்காதீர்கள், ஜோடி முறைக்குப் போங்கள்.

பெட்டியிலேயே இருந்தால் பெற்றோர் பார்ப்பது எப்படி என்று கேட்பார்கள். மாதம் ஒரு முறை ஒரு பக்கத்தை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்கிறேன், வீட்டில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். படிக்கத் தெரியாத அம்மாக்கள் எங்களிடம் பலர். மார்க் ஷீட்டில் கைநாட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிற ஒரு அம்மா, மகள் வாசித்ததைக் கேட்டுவிட்டு மறுநாள் மாடிக்கே வந்து, "வட்டத்துல கோடு போடுறது இப்ப நல்லா வருதாமே, மைனஸ்தான் இன்னும் வரலயாம்" என்றார். பத்து வருடத்தில் பெண்ணின் படிப்பைப் பற்றி என்னிடம் அவர் விவரமாகப் பேசியது அன்றுதான்.

சின்ன வகுப்புகளுக்கு

ஐந்தாம் வகுப்பு வரை தனி நோட்டு வேண்டாம், எழுதுவதே அவர்களுக்கு வேலையாகிவிடும். அவர்களுக்கு ஏணி போதும். இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில்தான் ஆரம்பித்தது, பிறகு தமிழ்நாடு முழுக்கப் போனது. பாடம் முழுவதும் சின்னச் சின்னப் படிகளாக ஏணியில் இருக்கும், பிள்ளை தானே போய் தன் படிக்கான அட்டையை எடுக்கும். எங்கே நிற்கிறேன், அடுத்தது எது என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் ஏணி காணாமல் போய் வெறும் மார்க் மட்டும் மிஞ்சுகிறது என்பது எனக்குப் பெரிய மனக்குறை. எங்களிடம் வருகிற சின்னப் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவருக்கும் தபால் கார்டு அளவில் ஒரு ஏணி அட்டை வைத்திருக்கிறேன். வாய்ப்பாடு, கழித்தல், வாசிப்பு என்று படிகள். அவர்களே கலர் அடிப்பார்கள். ஆறு முதல் எட்டு வரை ஜோடி, ஒன்பதில் இருந்து நோட்டு.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆரம்பிப்பவர்கள் முதல் மாதம் கணக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். ஐந்து பாடத்துக்கும் சேர்த்துப் போட்டால் நோட்டை நிரப்புவதிலேயே மாலை போய்விடும். அக்டோபர், நவம்பர் மழையில் இரண்டு மூன்று வாரம் பிள்ளை வராமல் இருந்து திரும்பி வரும். விட்ட வாரங்களை உட்கார்ந்து நிரப்பச் சொல்லாதீர்கள். அந்தப் பக்கங்களை அப்படியே விட்டுவிட்டு, புதுப் பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டு, கடைசியாக 'பார்க்காமல் வரும்' என்று எழுதிய கணக்கில் ஒன்றைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.